ஒரு கை தூக்கினால் போதும்

குமுதாவின் கதையைச் சொல்லப் புகுந்தால் முதலில் ரிமூவ் கிளாஸைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில், மலாய் போதாத பிள்ளைகளை நேராகப் படிவம் ஒன்றில், அதாவது ஏழாம் வகுப்பில், சேர்க்க மாட்டார்கள். புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் தனியாக உட்கார வைத்து மலாய் சொல்லிக் கொடுப்பார்கள். பெயரென்னவோ மரியாதையான பெயர்தான். தோட்டத்தில் யார் வாயிலும் அந்தப் பெயர் வராது, ரிமூவ் என்பார்கள். அதில் படித்துத் தேறி வக்கீலானவர்கள் உண்டு, டாக்டரானவர்கள் உண்டு என்று ஆண்டு விழாக்களில் மைக் பிடித்துப் பேசுவார்கள். இருக்கட்டும், நல்லது. குமுதா அந்த வகையில் சேரவில்லை. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து அவளும் இன்னும் நான்கு பெண்களும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். கேண்டீன் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து "பூடாக் ரிமூவ்" என்று ஒரு குரல் வரும். ரிமூவ் பிள்ளை என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தால், தமிழ்ப்பள்ளியில் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளே சிரித்துக்கொண்டிருப்பாள். குமுதா ஏழு மாதம் பொறுத்தாள். எட்டாவது மாதம் சீருடையை மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்குக் கைத்துணையாகக் கொழுந்து மலைக்கு ஏறினாள். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று.

ஆகவே, கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் புவனேஸ் பிறந்தபோது குமுதாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். மகள் டாக்டராக வேண்டாம், வக்கீலாக வேண்டாம். ரிமூவில் உட்காராமல், மற்ற பிள்ளைகளோடு நேராகப் படிவம் ஒன்றுக்குப் போனால் போதும். "அவ்ளோதாங்க, வேற ஒன்னும் வேணாம்," என்று கணவன் ராதாகிருஷ்ணனிடம் சொல்வாள். அவன் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறி முதலாளியிடம் லோரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் கோலாலம்பூர் சாலையில் இருப்பான். "அதெல்லாம் போவாலா, ஏன் போவாம?" என்பான். அவனுக்கு எல்லாமே நடந்துவிடும் காரியம்தான்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது பெரட்டு. தோட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பனி விலகுவதற்கு முன்னால் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிப்பதுதான் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் கங்காணி ஒரு வார்த்தை கேட்பார்: "யாருக்காச்சும் எதாச்சும் சொல்லணுமா? சொல்றதுன்னா கை தூக்கு." கேட்பதற்கு அது கேள்வி மாதிரிதான் இருக்கும். பத்தொன்பது வயதில் குமுதா அதைக் கேள்வி என்றே நம்பிவிட்டாள். லயத்தில் ஆறு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கையைத் தூக்கிச் சொன்னாள். கங்காணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, "நல்லா சொன்னம்மா," என்றார். மறுநாளிலிருந்து மூன்று மாதம் அவளுக்குப் பதினாலாம் நம்பர் மலை. நிற்க இடமில்லாத சரிவு. கால் முழுக்க அட்டை. கூடை நிறைந்தால் நிறுக்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் இறங்க வேண்டும்.

தண்ணீர் என்னவோ மறுநாளே வந்துவிட்டது. அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு போன பெண்களே, "ஒனக்கு எதுக்குடி இந்த வேல, வாய வச்சுகிட்டு சும்மா இருந்தா என்ன?" என்றார்கள். அதோடு சரி. அப்புறம் குமுதாவின் கை எந்தக் கூட்டத்திலும் மேலே போனதில்லை. கோயில் கூட்டமோ, கல்யாண வீடோ, யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பாள். பெரியவர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்கள். அவளும் அது அடக்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

புவனேஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, கொழுந்து வெட்டும் வேலையை முழுக்க மெஷினுக்கு மாற்றினார்கள். மெஷின் பிடிக்க வங்காளதேசத்து ஆண்கள் வந்தார்கள். பெண்களைப் புல் பிடுங்கவும் மருந்து டின் கழுவவும் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ரிங்லெட்டுக்கு மேலே, சின்ன துரை குடியிருந்த பழைய பங்களாவில், திலகாவின் பள்ளி திறந்தது. பள்ளி என்று பலகையில் இருக்காது. கற்றல் இல்லம் என்று மூன்று மொழியில் எழுதி, கீழே ஒரு பட்டாம்பூச்சி வரைந்திருக்கும். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு குமுதா போனாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளியில் குடும்பங்களுக்கு என்னென்ன கிடைக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் குமுதா சொல்வாள். பார்க்க வரும் பெற்றோருக்குத் திலகா அதை விளக்கும்போதெல்லாம் டீத் தட்டோடு பக்கத்தில் நின்றவள் அவள்தானே. அடி கிடையாது. பரீட்சை கிடையாது. முதுகை ஒடிக்கும் புத்தகப் பை கிடையாது. மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். ஏழு வயதும் பதினோரு வயதும் கலந்து உட்காரும். ஆசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். கோழி வளர்க்கலாம், ரொட்டி சுடலாம், மழை பெய்தால் நனையலாம். நனைவதற்கும் ஒரு பாடம் இருந்தது. வாரம் ஒருநாள் பிள்ளைகள் சின்னச் சின்னக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பங்களாவுக்குப் பின்னால் காடாகிக் கிடந்த தேயிலைச் செடிகளில் கொழுந்து கிள்ளுவார்கள். மண்ணோடு உறவு என்று அந்தப் பாடத்துக்குப் பேர். பெற்றோர்கள் வளைத்து வளைத்துப் போட்டோ எடுப்பார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குமுதா பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் திலகா அடுப்படிக்கு வந்து சொன்னாள்: "குமுதா, உங்க மகள இங்க கூட்டிட்டு வாங்க. ஃபீஸ் எல்லாம் வேணாம். மலைக்காரங்க பிள்ள ஒன்னுகூட இல்லாம இந்த மலையில ஒரு ஸ்கூல் நடத்துறது எனக்கே கூச்சமா இருக்கு."

திலகா கெட்டவள் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக எனக்குச் சொல்ல மனது வராது. கோலாலம்பூரில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் கைக்காசைப் போட்டு இந்தப் பள்ளியைத் தொடங்கியவள். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். அன்றைக்குச் சொன்னதும் மனதாரச் சொன்னதுதான்.

குமுதா அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பள்ளியில் அவள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். "மலாய் சொல்லித் தருவாங்களா மேடம்?"

"ஓ, உண்டே. வாரத்துல நாலு நாள். ரொஹானான்னு ஒரு சிகு, மலாய் டீச்சர், டவுன்லேருந்து வராங்க. கவர்மெண்ட் புத்தகம்தான்," என்றாள் திலகா. "மேடம் வேணாம். திலகான்னே கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்," என்றாள் குமுதா.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அப்போது பத்தொன்பது பிள்ளைகள். புவனேஸ் போனால் பதினெட்டு. பிள்ளை குறையக் குறைய எப்போது மூடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த பள்ளி அது. சான்றிதழ் வாங்கப் போன குமுதா தலைமையாசிரியர் சுகுமாரன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நல்ல இடம் கெடச்சா போகட்டும்மா. நான் தடுக்கல. ஆனா மலாய மட்டும் விட்றாதீங்க. அது இருந்தா பிள்ள எந்த வாசல்லயும் நொழஞ்சுக்கும்," என்றார்.

"விடமாட்டேன் சார்," என்றாள் குமுதா.

லயத்தில் பேசாத பேச்சில்லை. துரைமார் பிள்ளைகளோடு மகளைச் சேர்த்துவிட்டதால் இவளுக்குத் தலை கனத்துப் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு சாலையில் நடக்கும்போது, புல் பிடுங்கப் போகும் பெண்கள் எதிரே வந்தால் குமுதா புவனேஸின் சட்டைக் காலரை ஒரு தடவை சரிசெய்து விடுவாள். சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்வாள்.

பிள்ளையும் மாறினாள். தமிழ்ப்பள்ளியில் பேர் கேட்டால்கூடப் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிற பிள்ளை அவள். ஒரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ப்பா, நீங்க சொல்றது எனக்கு சரியா படல. ஏன்னு சொல்றேன், கேளுங்க," என்று ஆரம்பிப்பாள். ராதாகிருஷ்ணன் சோற்றைப் பிசைந்த கையோடு வாய்விட்டுச் சிரிப்பான். குமுதாவுக்குப் பெருமை பாதி, பயம் பாதி. இப்படியெல்லாம் பேசினால் உலகம் சும்மா விடுமா என்று தோன்றும். விட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்றும் தோன்றும்.

அந்தப் பள்ளியில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் வட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து பள்ளிக் காரியங்களை முடிவு செய்வார்கள். இங்கே முதலாளி யாரும் இல்லை, எல்லோர் பேச்சுக்கும் ஒரே எடை என்பாள் திலகா. குமுதாவும் ஒரு பெற்றோர் அல்லவா, அவளையும் உட்காரச் சொல்வாள். எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு, எழுந்து ஓடத் தோதாகக் குமுதா உட்காருவாள். வட்டம் அந்த இடத்தில் கொஞ்சம் பிதுங்கியிருக்கும்.

புவனேஸ் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது நடந்த ஒரு வட்டத்தில்தான் அது நடந்தது. பேச்சை எடுத்தவன் மகேன். சிங்கப்பூருக்குப் பூ ஏற்றுமதி செய்கிறவன். இரண்டு பூந்தோட்டம், மூன்று வாகனம். அவனுடைய அப்பாவும் ஒரு காலத்தில் இதே மலையில் மருந்து அடித்தவர்தான். மகேன் அதை மறைக்கிறவன் இல்லை, மேடை கிடைத்தால் முதலில் அதைத்தான் சொல்வான்.

"என் மகன் வாரத்துல நாலு நாள் வயித்து வலின்றான். என்னான்னு பாத்தா, அந்த நாலு நாளும் மலாய் கிளாஸ்," என்றான் மகேன். "மத்த பாடம் எல்லாம் இங்க விளையாட்டு மாதிரி இருக்கு. அது ஒன்னு மட்டும் எழுது, திருத்து, திரும்ப எழுது. பழைய ஸ்கூல் மாதிரியேலா. அந்த நேரத்த காட்டுல நடக்கறதுக்குக் குடுத்தா பிள்ளைங்களுக்கு எவ்ளோ நல்லது. பஹாசா மலாயு எங்க போயிரும்? யூடியூப்ல கத்துக்கலாம்."

நிறையத் தலைகள் ஆடின. ஆடாமல் என்ன செய்யும்? அவன் மகன் ஈப்போவில் அனைத்துலகப் பள்ளிக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருந்த ஒருவரின் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர். இன்னும் இருவர் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்கே போகப்போகிறவர்கள். அரசாங்க இடைநிலைப்பள்ளியின் வாசலை மிதிக்கப்போவது அந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்றே ஒன்று. அது யாருடைய பிள்ளை என்று அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. திட்டம் போட்டு மறந்தவர்கள் இல்லை அவர்கள். நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

திலகா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வட்டம் முழுவதையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து சொன்னாள்: "இங்க மெஜாரிட்டின்னு ஒன்னு கெடையாது, உங்களுக்கே தெரியும். ஒரே ஒருத்தருக்கு வேணாம்னு பட்டாக்கூட இத நாம செய்யப் போறதில்ல. யாருக்காவது சொல்லணும்னு இருந்தா கை தூக்குங்க. ஒரு கை தூக்கினா போதும்."

குமுதாவின் கை மடியில் கிடந்தது. தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சுகுமாரன் சார் சொன்னது காதில் கேட்டது. மலாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் கூடத்தில் இருந்த மற்ற எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "கை தூக்குங்க" என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் உடம்பு பெரட்டு வரிசையில் போய் நின்றுவிட்டது. நாளைக்கு அடுப்படிக்கு வேறு ஆள் வந்துவிடுமோ? ஃபீஸ் இல்லாமல் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு கேடா என்று கேட்டுவிடுவார்களோ? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளைத் தவிர அது எல்லோருக்கும் தெரியும்.

மகேன் அவள் பக்கம் திரும்பி அன்பாகச் சிரித்தான். "குமுதாக்காவுக்கு ஓகேதான?"

"சரிங்க," என்றாள் குமுதா.

தீர்மானம் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டது. அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று இருந்தது. சிகு ரொஹானா அந்த மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யார் மேல் எரிய வேண்டும் என்றுதான் தெரியவில்லை. ஓங்கி அறைந்திருந்தால் அவள் தடுத்திருப்பாள். கேட்டுத்தானே தொலைத்தார்கள்.

அதற்கப்புறம் குமுதா சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. பிரிஞ்சாங் கடையில் மலாய்ப் பயிற்சிப் புத்தகங்கள் நான்கு வாங்கி வந்தாள். சாயங்காலம் மகளை உட்கார வைத்துத் தானும் எதிரே உட்காருவாள். மகள் எழுதியது சரியா தப்பா என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். ராதாகிருஷ்ணனிடம் சொன்னதற்கு, "நீயே சரின்னுட்டு வந்து இங்க ஏன் அழுவுற? அவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத் தெரியாதா?" என்றான். ஒருநாள் பழைய தமிழ்ப்பள்ளியின் கேட் வரைக்கும் போனாள். சுகுமாரன் மாற்றலாகிப் போயிருந்தார். உள்ளே புதுத் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. பக்கத்துச் சரிவில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காலர் சரிசெய்த காலையெல்லாம் நினைவுக்கு வந்து, குமுதா கடைக்குப் போகிறவள் மாதிரி அப்படியே நடந்து போய்விட்டாள். வெட்கம்தான். வேறு பெயர் வைத்து அதை அழகாக்க வேண்டியதில்லை.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் டவுன் இடைநிலைப்பள்ளியில் புவனேஸுக்கு மலாய்ச் சோதனை வைத்தார்கள். வெளியிலிருந்து வருகிற பிள்ளை என்பதால் எழுதிப் பார்க்க வேண்டும் என்றார்கள். மலையில் முளைக்கும் நாற்பது வகைப் பெரணிச் செடிக்கு அவளுக்குப் பேர் தெரியும். ரொட்டி மாவு ஏன் உப்புகிறது என்று விளக்குவாள். விடுமுறையில் என்ன செய்தாய் என்று மலாயில் பத்து வரி எழுதத் தெரியவில்லை. நான்கு வரி எழுதினாள். நான்கிலும் சிவப்பு மை. அங்கிருந்த ஆசிரியை கோபப்படவில்லை. தாளைக் குமுதா பக்கம் திருப்பிக் காட்டி, "ஒரு வருஷம் ரிமூவ்ல இருக்கட்டும்மா, புடிச்சுக்குவா," என்று தமிழிலேயே சொன்னார்.

குமுதா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "சரிங்க" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ரிங்லெட் அணை ஏரியைத் தாண்டும் வரைக்கும் புவனேஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம ஸ்கூல்ல மலாய் கிளாஸ யாரும்மா நிறுத்துனா?"

"வட்டத்துல முடிவு பண்ணாங்க."

"ஒருத்தர் வேணாம்னாலும் செய்யமாட்டாங்களே. அதான ரூல். ஒரு கை போதுமே." அம்மாவின் பக்கம் திரும்பி, "நீ அன்னிக்கு வரலியா?" என்றாள்.

"வந்தேன்."

"அப்புறம்?"

குமுதா அதுவரை யாரிடமும் சொல்லாத பதினாலாம் நம்பர் மலைக் கதையை அந்த பஸ்ஸில் சொன்னாள். தண்ணீர் வராதது, கையைத் தூக்கியது, கிராணி புத்தகத்தில் குறித்தது, மூன்று மாத அட்டைக்கடி எல்லாவற்றையும் சொன்னாள். புவனேஸ் கவனமாகக் கேட்டாள். கேட்கவும் அந்தப் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

"அது பெரட்டும்மா," என்றாள் கடைசியில். "இது அது இல்லயே."

"எனக்குத் தெரியும்டி. என் கைக்குத் தெரியல."

புவனேஸ் அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. குமுதாவுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

ஆறாம் ஆண்டு முடித்துப் போகிற பிள்ளைகளுக்காக வருடக் கடைசியில் ஒரு வட்டம் உண்டு. நன்றி வட்டம் என்று பெயர். பிள்ளைகளும் பெற்றோர்களும் சேர்ந்து உட்கார்ந்து, இந்தப் பள்ளி தங்களுக்கு என்ன கொடுத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஐந்து பிள்ளைகள் போகிறார்கள். மகேனின் மகன், தன் பயமெல்லாம் காட்டில் நடந்து நடந்து போய்விட்டது என்றான். மகேன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குமுதா அன்றைக்குக் கேசரியும் வடையும் செய்து வைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தது.

"நல்லா பாத்துகிட்டாங்க. ரொம்ப நன்றிங்க," என்றாள். அதுவும் பொய்யில்லை.

அடுத்து புவனேஸ். அவள் முதலில் கையைத் தூக்கினாள். அவள் முறைதான், தூக்கத் தேவையில்லை, இருந்தும் தூக்கினாள். பிறகு எழுந்து நின்றாள். இங்கிலீஷில் பேசி, அம்மாவுக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னாள்.

"நான் நன்றி சொல்லப் போறதில்ல. எனக்கு ஒன்னு சரியா படல, அத சொல்றேன். நீங்க எல்லாரும் போற ஸ்கூல்ல மலாய் கேக்கமாட்டாங்க. நான் போற ஸ்கூல்ல கேப்பாங்க. கேட்டாங்க. எனக்குத் தெரியல. அதனால நான் ரிமூவ்ல உக்காரப் போறேன். கை தூக்குங்கன்னு சொன்னீங்க. எங்கம்மா தூக்கல. தூக்குனா என்ன நடக்கும்னு எங்கம்மாவுக்கு வேற எடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. அது உங்களுக்குத் தெரியாது. ஆனா நீங்க அவங்கள தனியா கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். எனக்குக் கோவமா இருக்கு. உங்க எல்லார் மேலயும் கோவமா இருக்கு."

குமுதாவுக்கு அடுப்படிக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. இதோ இப்போது யாராவது எழுந்து ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். திட்டட்டும், வேலையை விட்டுப் போகச் சொல்லட்டும், எதுவானாலும் சொல்லட்டும்.

திலகாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் எழுந்து போய்ப் புவனேஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இதுதான்," என்றாள். "இதுக்காகத்தான் இந்த ஸ்கூல ஆரம்பிச்சேன். மூனு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பிள்ள பேர் கேட்டா தலைய குனிஞ்சுக்கும். இன்னிக்கு நம்ம எல்லாரையும் நிக்க வச்சுக் கேக்குறா பாருங்க. இதவிட நாம ஒரு குடும்பத்துக்கு வேற என்ன குடுக்க முடியும்?"

முதலில் மகேன் கை தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஸ்ட்ராபெரி தோட்டக்காரரின் மனைவி அதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். "இத கண்டிப்பா நம்ம பேஜ்ல போடணும்லா," என்று யாரோ சொன்னார்கள். மலாய் வகுப்பைப் பற்றி அடுத்த வட்டத்தில் விரிவாகப் பேசுவோம் என்று திலகா குறித்துக்கொண்டாள். அடுத்த வட்டத்தில் புவனேஸ் இருக்க மாட்டாள்.

புவனேஸ் நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டல் ஓய்ந்தால் யாராவது பதில் சொல்வார்கள் என்று முகத்தை முகத்தைப் பார்த்தாள். எல்லா முகத்திலும் சிரிப்பு. பக்கத்துப் பிள்ளையின் முறை வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

கேசரித் தட்டெல்லாம் கழுவி வைத்துவிட்டு அம்மாவும் மகளும் தோட்டத்துச் சாலையில் நடந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. பாதி வழியில் புவனேஸ் நின்று, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நான் சண்ட போட்டேன்மா," என்றாள். "அவங்க கை தட்டுறாங்க."

குமுதா அவளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். இருபது வருடம் பேசாமல் இருந்தவள் அவள். பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த விடை ஒன்றுதான், பதினாலாம் நம்பர் மலை. இப்படியும் ஒரு விடை உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். மலையில் போட்டாலாவது சொன்னது காதில் விழுந்தது என்று தெரியும்.

வீட்டு வாசலில் லோரியை நிறுத்திவிட்டு ராதாகிருஷ்ணன் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டிருந்தான்.

"எப்படிப் போச்சு வட்டம்?" என்று கேட்டான்.

"நல்லா போச்சுங்க," என்றாள் குமுதா. "பாப்பாவுக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க."

"அப்படியா? நான்தான் சொன்னேன்ல," என்று அவன் சந்தோஷமாகத் துண்டை எடுத்து முகம் துடைத்தான். புவனேஸ் காலணியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.